அடையாளம் தெரியாத ஆண், உட்கார்ந்த நிலையில்

காக்ஸ் டவுனில் எங்கள் சந்துக்குள் கார் வருவது அபூர்வம். தெரியாமல் நுழைந்துவிட்டால் திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட சந்துக்குள் ஒரு நாள் காலை, தலையில் கேமரா உருண்டையைச் சுமந்துகொண்டு 'வீதிவிழி' நிறுவனத்தின் கார் வந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தபடியே எங்கள் சந்தில் நடந்து பார்க்கலாம் என்று டிரைவர் சொன்னான். சாக்கடை மூடியில்லாத அந்தச் சந்தில் நடக்க எங்களுக்கே பெரிய ஆசை கிடையாது. இருந்தாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

படம் இணையத்தில் வந்ததும் சந்தே போனும் கையுமாக நின்றது. முகங்களை எல்லாம் அழித்திருந்தார்கள். அந்தரங்கப் பாதுகாப்பாம். நான் வாசலில் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தேன். என் கழுத்துக்கு மேலே கொஞ்சம் பஞ்சு மூட்டம் இருந்தது, கழுத்துக்குக் கீழே எல்லாம் பளிச்சென்று இருந்தது. சந்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள், தொப்பை ஒன்று போதுமாம். கொடியில் காய்ந்த என் லுங்கியின் கிழிசல் வரைக்கும் துல்லியம். கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆட்டின் முகத்துக்கு மட்டும் என்னைவிட நல்ல பாதுகாப்பு கொடுத்திருந்தார்கள். அந்த ஆடு அன்று மத்தியானமே குழம்பாகிவிட்டது. அதன் அந்தரங்கம் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது.

சந்து முனையில், புங்க மரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே எங்கள் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். சிமெண்ட் சிலைதான். வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிப்போம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, பாயசம் வைத்து, அந்த வழியாக யார் போனாலும் ஒரு டம்ளர் கொடுத்து அனுப்புவோம். அவர் முகத்தையும் அழித்திருந்தார்கள். மடியில் வைத்த கை இருந்தது, காவி வர்ணம் இருந்தது, மேலே வெறும் பஞ்சு.

எதிர்ச் சுவரில் வார்டுத் தலைவர் இராஜமாணிக்கத்தின் பிறந்தநாள் பேனர். அதில் அவரும் அவருடைய தம்பிமார் கூட்டமும் ஒரு முகம் குறையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் அவர்களை அழிக்கவில்லை என்று பிற்பாடு நாங்கள் கேட்டபோது, நிறுவனம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னது. எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்ததால் அது மனிதர்கள் இல்லை, சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதம் என்று முகம் அழிக்கும் இயந்திரம் முடிவு செய்துவிட்டதாம். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

புத்தரின் முகம் போனதை முதலில் பார்த்தவள் சங்கமித்ரா. மரத்தடிப் புத்தரைப் பார்த்துக்கொள்ளும் விஹார் கமிட்டிக்குச் செயலாளர் அவள்தான். ஒரு பெரிய மாலில் தரை துடைக்கும் வேலை. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். கஸ்டமர் பார்த்தால் அசிங்கமாம். சாயங்காலம் பஸ் இறங்கி நேராக மரத்தடிக்கு வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு, புத்தருக்கு எதிரே அப்பாடா என்று சம்மணம் போட்டு உட்காருவாள். அப்புறம்தான் வீடு.

"வூட்டுக்குப் போனா அடுப்பாண்ட நிக்கணும். அங்க போனா மாப்பைப் புடிச்சுக்கினு நிக்கணும். என்னை உக்காருன்னு சொல்றவரு இந்த ஊருல இவரு ஒருத்தருதாங்கண்ணா" என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

சில மாதம் கழித்து, கூரியர்காரன் ஒருவன் பீடத்தின் மேல் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனான். அனுப்பியது நடைபாதை மீட்பு முகமை. புதிதாக முளைத்த அலுவலகம். நோட்டீஸ் இப்படிச் சொன்னது: 'மேற்படி இடத்தில் அடையாளம் தெரியாத ஆண் ஒருவர், உட்கார்ந்த நிலையில், பொது நடைபாதையை நெடுங்காலமாக ஆக்கிரமித்துள்ளார். மாத முடிவுக்குள் அவர் எழுந்து செல்லாவிட்டால் இயந்திரம் கொண்டு அகற்றப்படுவார்.'

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தில் முன்பெல்லாம் நடைபாதையே கிடையாது. போன வருஷம்தான் போட்டார்கள். போட்டவர்கள் புத்தரைச் சுற்றிக்கொண்டு போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார்.

சங்கமித்ரா லீவு போட்டாள். துணைக்கு நானும் எதிர்வீட்டு மௌரீன் மிஸ்ஸும் போனோம். மிஸ் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். ஞாயிறு சர்ச், பௌர்ணமி பாயசம் இரண்டையும் தவறவிடாதவர்.

முகமையின் அலுவலகம் மெயின் ரோட்டில் இருக்கிறது. சந்திலிருந்து பேசிக்கொண்டே நடந்தால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடும். ரோட்டைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளிப்படைத்தன்மையாம். கண்ணாடிக்கு உள்ளே, ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி, சரிபார்ப்பு அதிகாரி ப்ரஹ்லாத் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நாற்காலி இல்லை. வருகிறவர்கள் உட்கார்ந்தால் பேச்சு வளர்கிறது என்று ஆராய்ந்து எடுத்துவிட்டார்களாம்.

ப்ரஹ்லாதை எனக்கு முன்பே தெரியும். மல்லேஸ்வரத்திலிருந்து தினமும் எங்கள் சந்து முனை வழியாகத்தான் ஸ்கூட்டரில் வருவார். வழியில் எந்தச் சாமியையும் விடமாட்டார். மாதா கோயில், தர்கா, முனீஸ்வரர், எங்கள் புத்தர், எல்லோருக்கும் உண்டு. வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கும், இடது கை மார்புக்குப் போய்விட்டு வரும். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

"சார், அது யாரோ ஆளு இல்ல சார். எங்க புத்தரு" என்றாள் சங்கமித்ரா.

ப்ரஹ்லாத் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதுல முகம் தெரியறதாம்மா?"

"இல்ல சார். அழிச்சுட்டாங்க."

"அப்ப யாருன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு எட்டு வந்து பாருங்க சார். இங்கிருந்து நடக்கற தூரம்தான்."

ப்ரஹ்லாத் பரிதாபமாகச் சிரித்தார். "அம்மா, நாங்க பழைய டிபார்ட்மென்ட் மாதிரி இல்ல. எங்க ஆளுங்க ஃபீல்டுக்குப் போறதே கிடையாது. போனா என்ன ஆகும்? கண்ணால பார்ப்பாங்க. பார்த்தா பரிதாபம் வரும். பரிதாபம் வந்தா முடிவு கெட்டுப்போகும். அதனால முதல்ல பார்க்கறதை நிறுத்தினோம். இப்ப எங்க முடிவெல்லாம் எவ்வளவு சுத்தமா வருது தெரியுமா?"

"சந்துல யாரை வேணா கேளுங்க சார். எல்லாரும் சொல்லுவாங்க."

"ஜனங்க சொல்றது எவிடென்ஸ் இல்லம்மா. அவங்க என்ன வேணா சொல்வாங்க. படம் பொய் சொல்லாது."

"படத்துல மூஞ்சியே இல்லையே சார்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். இல்லாத முகத்தை இருக்குன்னு படம் சொல்லலை பாருங்க. அதான் நேர்மை."

என்னால் பொறுக்க முடியவில்லை. "தினம் காலைல அவரைக் கும்பிட்டுட்டுத்தானே சார் போறீங்க? நானே பார்த்திருக்கேனே" என்றேன்.

"அது பர்சனல் கெப்பாசிட்டி" என்றார் ப்ரஹ்லாத். "ரோட்டுல எனக்கு எல்லாரையும் தெரியும். இந்தக் கதவைத் தாண்டி உள்ள வந்துட்டா எனக்கு எதுவும் தெரியாது. அந்த டிசிப்ளினை நான் கஷ்டப்பட்டு வளர்த்துண்டேன்."

எங்கள் சந்தில் பாதுகாக்க வேண்டிய நிரந்தரக் கட்டுமானம் ஒன்று இருப்பதாகவும் சொன்னார். என்னவென்று பார்த்தால் இராஜமாணிக்கத்தின் பேனர். முகமெல்லாம் தெளிவாக இருப்பதால் அதற்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது பகுதி மக்களின் கடமையாம். அந்தப் பேனர் போன மழைக்கே கிழிந்து விழுந்துவிட்டது. இப்போது என் ஸ்கூட்டருக்குப் போர்வையாக இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. ஜனங்கள் சொல்வதுதான் எவிடென்ஸ் இல்லையே.

கிளம்பும்போது ப்ரஹ்லாத் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். "அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லி முகத்தைத் திரும்ப வரவழைங்க. படத்துல முகம் வந்தா நான் நோட்டீஸை எடுத்துடறேன்."

மௌரீன் மிஸ் தன் இங்கிலீஷையெல்லாம் திரட்டி வீதிவிழிக்கு எழுதினார். அங்கே அந்தரங்கத் தூதர் என்று ஒரு பதவி இருக்கிறது. அதில் இருந்த சுப்ரியா என்ற பெண் வீடியோவில் வந்தாள். மிஸ் வீட்டு டேபிளில் போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம்.

"எங்களுக்கு முகம்னா உயிர்" என்று ஆரம்பித்தாள் சுப்ரியா. "அதனாலதான் யார் முகத்தையும் நாங்க வச்சுக்கறதில்ல. உங்க வலி எனக்குப் புரியுது. சம்பந்தப்பட்டவர் நேர்ல லாகின் பண்ணி, ஐடி ப்ரூஃப் போட்டு, கன்சென்ட் கொடுத்தா போதும்."

"அவரு தவறிட்டாரும்மா" என்றாள் சங்கமித்ரா.

சுப்ரியாவின் முகம் வாடியது. "ஐ அம் சோ சாரி. எப்ப?"

"அது ஆச்சு, ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம்."

"ஓகே. டெத் சர்ட்டிஃபிகேட் இருக்கா?"

"மை காட்" என்றார் மௌரீன் மிஸ்.

"இல்லன்னா வாரிசு யாராவது சைன் பண்ணலாம். பசங்க இருக்காங்களா?"

"ஒரே புள்ள. அவரும் துறவி ஆயிட்டாரு."

"ஒய்ஃப்?"

"அவங்களும்தான்."

சுப்ரியா எதையோ டைப் செய்துவிட்டு நிமிர்ந்தாள். குரலில் ஒரு பவ்யம் வந்திருந்தது. "மேடம், வீடு வேணாம், பேர் வேணாம், உலகமே வேணாம்னு போனவர் அவர். ஃபேமிலியோட போயிருக்கார். இதைவிடத் தெளிவா ஒருத்தர் ப்ரைவசி கேட்க முடியுமா? அவர் விருப்பத்தை நாங்க மதிக்கறோம். நீங்கதான் மதிக்கலை."

ஒருவேளை நாம்தான் தப்போ என்கிற குழப்பம் சங்கமித்ராவின் முகத்தில் ஓடியது. அப்புறம் போனுக்குக் கிட்டே குனிந்தாள்.

"போனவரு திரும்பி வந்தாரும்மா. அதை நீ படிக்கல. வந்து ஊர் ஊரா நடந்தாரு. குப்பை அள்றவன், முடி வெட்றவன், தொட மாட்டேன்னு ஊரு ஒதுக்குனவன், எல்லாரையும் பக்கத்துல உக்கார வச்சுப் பேசுனாரு. மூஞ்சியை மூடிக்கினா பேசுனாரு?"

"உங்க ஃபீட்பேக்குக்கு நன்றி" என்றாள் சுப்ரியா. "ஆனா ஒருமுறை அழிச்சா அழிச்சதுதான். ஒரிஜினலையே நாங்க அழிச்சுடுவோம். அவ்வளவு சின்சியர். ஆனா உங்க புகாரை சீரியஸா எடுத்துக்கறோம். அவருக்குக் கொடுத்த பாதுகாப்பு பத்தலைன்னு தெரியுது. அதை அதிகப்படுத்தறோம்."

சொன்னபடியே செய்தார்கள். மறுவாரம் பார்த்தால் படத்தில் முகம் மட்டுமல்ல, கை, கால், பீடம், தகரக் கூரை, மரத்தின் பாதி எல்லாம் பஞ்சு மூட்டமாகியிருந்தது. பக்கத்தில் கொடியில் தொங்கிய என் லுங்கி மட்டும் தெளிவாக இருந்தது.

அடுத்த நோட்டீஸ் சீக்கிரமே வந்தது. 'மேற்படி இடத்திலிருந்து அடர்ந்த வெண்புகை இடைவிடாமல் வெளியேறுவது படத்தின் மூலம் உறுதி செய்யப்பட்டுள்ளது. அடையாளம் தெரியாத ஆண், உட்கார்ந்த நிலையில், எதையோ எரித்துக்கொண்டிருப்பதாகக் கருதப்படுகிறது.' இறுதி விசாரணைக்குத் தேதி போட்டிருந்தார்கள். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: 'சம்பந்தப்பட்ட நபர் நேரில் ஆஜராக வேண்டும். பிரதிநிதிகள் அனுமதிக்கப்பட மாட்டார்கள். வரத் தவறினால் அன்றே அகற்றப்படுவார்.'

அன்று சாயங்காலம் மரத்தடியில் சந்தே கூடியது. ஆளாளுக்குப் பேசினார்கள். இராஜமாணிக்கத்தைப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள் சிலர். அவர் நேரில் வந்தால் பேனரைத்தான் தேடுவார் என்று நான் பயந்தேன். வக்கீல் வைக்கலாம் என்றார் மிஸ். சங்கமித்ரா வழக்கம்போல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டீஸைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"எங்க மால்ல நான் உக்காந்தா எழுப்பி வுடறாங்க, சரி, அது அவங்க எடம்" என்றாள். "இங்கயும் வந்து எழுப்பறானுங்களே. நிம்மதியா உக்காந்திருக்கிறவரைப் பார்த்தா ஏன்தான் இவனுங்களுக்கு இவ்ளோ பேஜாரோ." மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நோட்டீஸை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். "நேர்ல வரச் சொல்லிக்கிறான் இல்ல? வருவாரு."

சந்தில் சரவணன் என்று ஒருவன் இருக்கிறான். கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி வரும் குட்டி லாரி அவனுடையது. விசாரணை அன்று காலை வண்டியைக் கழுவி, தார்ப்பாய்க்கு மேல் மெத்தை விரித்துக் கொண்டு வந்தான். புத்தரைத் தூக்க சந்தின் ஆண்கள் அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பெயிண்ட் அடிக்கவோ வேறெதற்கோ அவரை நகர்த்தினால், ரோட்டுத் தூசி படாமல் முகத்தை வெள்ளைத் துணியால் மூடித்தான் தூக்குவோம். போய்ச் சேர்ந்த இடத்தில், தண்ணீர் தொட்டுத் துடைத்தபடிதான் திறப்போம். அன்றும் அப்படியே மூடினோம். எல்லோரும் பௌர்ணமிக்குக் கட்டும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். மௌரீன் மிஸ் சர்ச்சுக்குப் போகும் கவுனில் வந்தார்.

முகமையின் வாசலில் செக்யூரிட்டி வண்டியை மறித்தான். "பார்சலெல்லாம் பின்பக்கம்" என்றான் கன்னடத்தில்.

"பார்சல் இல்லப்பா, விசாரணைக்கு வந்திருக்காரு" என்று சங்கமித்ரா நோட்டீஸை நீட்டினாள்.

அவன் படித்தான். மூடியிருந்த முகத்தைப் பார்த்தான். மறுபடி படித்தான். அடையாளம் தெரியாத ஆண், சரி. உட்கார்ந்த நிலையில், அதுவும் சரி. நோட்டீஸில் இருந்த எல்லாம் பொருந்தியதால் பாஸ் எழுதிக் கொடுப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்றும், வந்த நோக்கம் என்ற இடத்தில் 'எழுந்து செல்வது குறித்து' என்றும் எழுதினான்.

விசாரணை அறையில் புத்தரை இறக்கி வைத்தோம். ப்ரஹ்லாதின் மேஜைக்குப் பக்கத்தில் நாணு என்ற டைப்பிஸ்ட் உட்கார்ந்திருந்தான். இந்த அறையில் யார் எது பேசினாலும் அவன் எழுத்து பிசகாமல் அடிப்பான், அடிக்க அடிக்க அது முகமையின் இணையதளத்தில் ஏறிவிடும், ஏறியதை யாராலும் மாற்ற முடியாது. இதைப் பற்றி வாசலிலேயே பெரிய போர்டு வைத்திருந்தார்கள்.

ப்ரஹ்லாத் கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே ஆரம்பித்தார். "அடையாளம் தெரியாத ஆண் வந்திருக்காரா?"

"வந்திருக்காரு சார்" என்றாள் சங்கமித்ரா.

"நிற்கச் சொல்லுங்க."

"நோட்டீஸ்ல உக்காந்த நிலையில்னு இருக்குது சார்."

"சரி. முகத்தைக் காட்டச் சொல்லுங்க."

சங்கமித்ரா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி, வெள்ளைத் துணியை விலக்கி, நெற்றியிலிருந்து மோவாய் வரை மெதுவாகத் துடைத்தாள். வீட்டில் குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரிதான் துடைத்தாள். அவசரமே இல்லை. சந்து ஜனம் அத்தனையும் கை கூப்பியது. அறை அமைதியானதால் ப்ரஹ்லாத் நிமிர்ந்தார்.

அவருடைய இடது கை மேஜையை விட்டு எழுந்து மார்புக்குப் போனது. அவர் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. கை போனதைத் தொடர்ந்து வாயும் போய்விட்டது.

"அய்யய்யோ, புத்தரைப் போய் இங்க தூக்கிண்டு வந்திருக்கீங்களே! பாவம்மா!"

நாணு அடித்தான். அய்யய்யோவைக்கூட விடவில்லை.

சங்கமித்ரா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "சார், அய்யா இப்ப சொன்னதை ஒரு வாட்டி படிங்க சார்" என்றாள் நாணுவிடம். நாணு தன் வேலையில் பெருமை உள்ளவன். உரக்கப் படித்தான்.

"அது பர்சனல் கெப்பாசிட்டில..." என்று ப்ரஹ்லாத் எழுந்தார். நாணு அதையும் அடித்தான்.

"கதவுக்கு உள்ள சொன்னீங்க சார்" என்றாள் சங்கமித்ரா. "உள்ள வந்துட்டா ஒண்ணுமே தெரியாதுன்னு அன்னைக்கு சொன்னவரு நீங்க. இன்னைக்குத் தெரிஞ்சுடுச்சு இல்ல? அப்ப எழுதிக் குடுங்க. இன்னாரு இவருன்னு. இந்த எடம் அவருதுன்னு."

"ஸ்வல்ப இரும்மா. உடனே அப்படி எழுத முடியாது. உத்தரவு ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டு ப்ரஹ்லாத் வேகமாக பாத்ரூம் பக்கம் போனார். நாணு அதுவரைக்கும்தான் அடித்தான்.

சங்கமித்ரா தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி இல்லாத அந்த அறையில் சந்தே உட்கார்ந்தது. மௌரீன் மிஸ்ஸும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆபீஸ் மூடும்வரை இருந்துவிட்டு, புத்தரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அந்த மாதிரி இடத்தில் அவரை விட்டுவர யாருக்கும் மனம் வரவில்லை.

இயந்திரம் வரவில்லை. உத்தரவும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் ஜேசிபி வரலாம் என்ற நிலை. சங்கமித்ரா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலிருந்தே கழுத்தை எக்கி மரத்தடியைப் பார்க்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வருஷம் திரும்பியதும் வீதிவிழியின் கார் மறுபடி ஊரைச் சுற்றியது. புதுப் படத்திலும் எங்கள் மூலையில் பஞ்சு மூட்டம்தான். ஆனால் இந்தத் தடவை மெயின் ரோட்டையும் எடுத்திருந்தார்கள். முகமையின் கண்ணாடிச் சுவர் அருமையாக விழுந்திருந்தது. உள்ளே மேஜை தெரிந்தது, கோப்புக் கட்டு தெரிந்தது, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த ஓர் உருவமும் தெரிந்தது. கழுத்துக்கு மேலே பஞ்சு.

அதை முதலில் பார்த்ததும் சங்கமித்ராதான். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் மிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகமையின் இணையதளத்தில் பொதுமக்கள் புகார் பகுதி இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல மிஸ் அடித்தார்: 'மேற்படி முகவரியில் அடையாளம் தெரியாத ஆண் ஒருவர், உட்கார்ந்த நிலையில், பொது அலுவலகத்தை நெடுங்காலமாக ஆக்கிரமித்துள்ளார். படம் இணைக்கப்பட்டுள்ளது.'

மனிதத் தலையீடு இல்லாமல் வேலை செய்வதில் முகமைக்குப் பெருமை உண்டு. புகார் உள்ளே போனது, படத்தோடு பொருந்தியது, நோட்டீஸாக வெளியே வந்தது. ப்ரஹ்லாதின் நாற்காலி முதுகிலேயே ஒட்டப்பட்டதாக நாணு சொன்னான். அவருடைய கதவு அட்டை வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் அவரை உள்ளே விடவில்லை. வீதிவிழிக்கு எழுதினாராம். சுப்ரியா அவருடைய வலி புரிவதாகவும், பாதுகாப்பை அதிகப்படுத்துவதாகவும் பதில் போட்டாளாம். மேலதிகாரிகளிடம் போனாராம். அவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, யாரென்று தெரியவில்லையே என்று சொல்லிவிட்டார்களாம். கடைசியில் விதிமுறையில் ஒரு வழி கிடைத்தது. எங்கள் பகுதியில் குடியிருக்கும் ஒருவர், அதிலும் புகார் கொடுத்தவரே, இன்னார்தான் இவர் என்று சொன்னால் போதும்.

பௌர்ணமி சாயங்காலம் ப்ரஹ்லாத் எங்கள் சந்துக்கு வந்தார். நடந்து வந்தார். முகமை தொடங்கிய நாள் முதல் அதன் ஆள் ஒருவர் ஃபீல்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மரத்தடியில் பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தோம். வழியில் வருகிற எல்லோருக்கும் கொடுப்பதுபோல் அவர் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றார்.

சங்கமித்ரா புத்தரின் முகத்தைப் பாதி துடைத்துவிட்டு, ஈரத்துணியோடு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அம்மா, என்னைத் தெரியலையா உங்களுக்கு? நான்தானே ப்ரஹ்லாத்" என்றார். "நேர்லயே நிக்கறேனே. ஒரு வார்த்தை சொல்லுங்கோம்மா."

"ஜனங்க சொல்றது எவிடென்ஸ் இல்லன்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். தப்புதான். உங்க ஒரு வார்த்தை இல்லாம என்னால என் சீட்டுல உட்கார முடியலை."

சங்கமித்ரா போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவள் அவசரப்படவில்லை. ஈரத்துணியை எடுத்து, பாதியில் விட்ட வேலையைத் தொடர்ந்து, புத்தரின் கன்னத்தைத் துடைத்து முடித்தாள்.

"நீங்க ப்ரஹ்லாத் சார் மாதிரிதான் இருக்கீங்க" என்றாள். "முதல்ல இவரு பேரை எழுதிக் கொண்டாங்க. அப்பால உங்க பேரைச் சொல்றேன்."